கோமதியிடமிருந்து நான் பறித்த வாத்து

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சிறப்பாசிரியர்களுக்கு ஊக்கம் தரும்படி ஒரு வெற்றிக் கதை எழுதித் தாருங்கள் என்று போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்து கேட்டார். ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கு ஒன்று வாங்கி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "உங்க கதை எங்ககிட்ட ஏற்கெனவே இருக்குது மேடம். அந்தத் தண்ணி கேட்ட பாப்பா கதை. அதையே கொஞ்சம் விரிவா எழுதிக் குடுத்தா போதும்" என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தக் கதையைத்தான் இப்போது எழுதுகிறேன். அவர்கள் புத்தகத்தில் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டால் நகல் எடுத்து நானே உங்கள் கையில் கொடுப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் பத்தாண்டு அது. விருத்தாசலத்தில் அலுவலகம், சுற்றிலும் கிராமங்கள். வீடு வீடாகப் போய் ஊனமுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது, முகாமுக்குக் கூட்டிப்போய்ச் சான்றிதழ் வாங்கித் தருவது, வாரம் ஒருமுறை போய்ப் பயிற்சி கொடுப்பது, இவையெல்லாம் என் வேலை. ஆட்டிசம் என்ற வார்த்தை அப்போது எங்கள் பக்கத்தில் படித்தவர்களுக்கே பழக்கமில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. கண், காது, கைகால், மனவளர்ச்சி என்று நாலைந்து கட்டங்கள் இருக்கும். பிள்ளையை எதற்குள்ளாவது அடைத்தாக வேண்டும். முகாமில் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது.

எனக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது. ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்குச் சென்னை போய் வந்திருந்தேன். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மையார் தரையில் உட்கார்ந்து, எப்பேர்ப்பட்ட முரட்டுப் பிள்ளையையும் கால் மணி நேரத்தில் மடிக்கு வரவழைத்துவிடுவார். அவரைப் பார்த்துத்தான் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்காரப் பழகினேன். கண்ணைப் பார்க்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, எதையும் வரிசையாக அடுக்கும் பிள்ளை என்று ஒவ்வொரு அடையாளமாக அவர் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம். கடைசி நாளன்று அவர் சொன்ன ஒன்றும் மனப்பாடம்: "கையால கேட்டா குடுக்காதீங்க. வாயால கேட்டா மட்டும் குடுங்க. சைகைக்குப் பழகிட்டா பேச்சு வரவே வராது." நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

கோமதியை நான் முதலில் பார்த்தது அவள் வீட்டில் அல்ல, செராமிக் கம்பெனியில். அவள் அம்மா அஞ்சலை கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அங்கே வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைச் சாமான்களை ஈரப் பஞ்சால் துடைத்து, விளிம்பைச் சீவிச் சரி செய்கிற வேலை. புருஷன் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில்; கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் வீட்டுக்கு வருவதே அரிது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அஞ்சலை கூடவே கொண்டுவந்துவிடுவாள். பால்வாடியில் விட்டுப் பார்த்திருக்கிறாள். "இது செவிடு, எங்களால பாத்துக்க முடியாது" என்று அங்கிருந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

கோமதிக்கு அப்போது நாலரை வயது. சூளையில் வெடித்துக் கழித்துப் போட்ட சாமான்கள் ஒரு மூலையில் குவிந்திருக்கும். பியூஸ் கட்டை, கரண்டுக் கம்பத்துக்கான குமிழ், கொலுவுக்கும் கண்காட்சிக்கும் செய்கிற சின்னச் சின்னப் பொம்மைகள். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியூஸ் கட்டைகளை ஒரு நூல் பிடித்தாற்போல அடுக்கிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். பின்னால் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கை தட்டினேன். திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே ரோட்டில் பன் விற்கிறவர் சைக்கிள் ஹாரனை அழுத்தினார். எழுந்து ஓடினாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. செவிடாவது ஒன்றாவது! இது ஆட்டிசம், நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று மனசுக்குள் குதித்தேன். அன்று மாலை அலுவலகத்தில் பால்வாடி அம்மாவின் அறியாமையை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் ஒரு நாள் அப்படிச் சிரிப்பீர்கள்.

பன்காரர் வந்துபோன பிறகு நடந்ததுதான் முக்கியம். கோமதி அம்மாவின் வயர் கூடைக்குப் பக்கத்தில் போய், உள்ளே கைவிட்டுத் துழாவி, ஒரு தட்டையான பியூஸ் மூடியை எடுத்துவந்து அஞ்சலையின் மடியில் போட்டாள். அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பன்னைப் பிய்த்துக் கொடுத்தாள். மூடியைத் திரும்பக் கூடையில் வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை.

"என்னம்மா அது?" என்று கேட்டேன்.

அஞ்சலை வெட்கப்பட்டாள். "அது அவ பழக்கம் டீச்சர். மொதல்ல ஒருநா டீ குடிக்கற நேரத்துல இத எடுத்தாந்து மடில போட்டா. நான் சும்மா பன்னு பிச்சிக் குடுத்தேன். மறுநா அதே நேரத்துக்கு இதையே தேடி எடுத்தாந்து போட்டா. அப்பறம் ஒவ்வொண்ணா சேந்துடுச்சி."

கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஏழு துண்டுகள். எல்லாம் வெடித்தது, கோணலானது. கையைக் கிழிக்காமல் இருக்க விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருந்தாள். பியூஸ் மூடி பன்னுக்கு. குமிழ் தண்ணீருக்கு. ஒரு பொம்மையின் உடைந்த கை தூக்கிக்கொள்ளச் சொல்வதற்கு. சின்னத் தட்டு சோற்றுக்கு. வளையம் மாதிரி ஒன்று வெளிக்கிப் போக. சக்கரம் மாதிரி ஒன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போக. ஏழாவது, தலை உடைந்த ஒரு வாத்து.

"இது எதுக்கு?"

"அது நொந்தா எடுப்பா டீச்சர். போன மாசம் தேளு கொட்டுனப்ப இத எடுத்தாந்து கால்ல வெச்சி அழுத்திக்கிட்டா. அப்பறம் வயித்து வலின்னா வயித்துல வெப்பா. அதப் பாத்துத்தான் நான் தெரிஞ்சிக்கறது."

இன்று உங்களுக்குப் பயிற்சியில் படங்களை வைத்து மாதக்கணக்கில் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள்: பிள்ளை ஒரு பொருளை எடுத்துவந்து ஆளிடம் கொடுத்து, அதற்குப் பதிலாக வேண்டியதைக் கேட்பது. அதை இந்தப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்து, தன் அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். வலியைச் சொல்வதற்கு ஒன்று, அதுவும் வலிக்கிற இடத்தைக் காட்டுவதோடு! பேசுகிற பிள்ளைகளே நாலரை வயதில் தலைவலிக்கு வயிற்றைக் காட்டுவார்கள். நான் அன்று என் குறிப்பேட்டில் எழுதியது இது: "உயிரற்ற பொருள்களின் மீது அளவுகடந்த பற்று. குறைக்க வேண்டும்." அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கலாம்.

நாலைந்து மாதம் வாரம் ஒருமுறை போனேன். கோமதி என்னைப் பக்கத்தில் உட்காரவிட்டாள், அவ்வளவுதான். பேச்சு வரவில்லை. அப்போதுதான் மேலேயிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. ஒவ்வொரு சிறப்பாசிரியரும் முன்னேற்றம் தெரிகிற ஒரு பிள்ளையைக் காட்ட வேண்டும். மற்றவர்களிடம் நடக்க ஆரம்பித்த பிள்ளை இருந்தது, காதுக் கருவி போட்டுப் பாட்டுக்கு ஆடுகிற பிள்ளை இருந்தது. நான் மட்டும் ஊரெல்லாம் ஆட்டிசம் ஆட்டிசம் என்று பேசியிருந்தேன். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டு வாரம்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய், அஞ்சலையிடம் அந்த ஏழு துண்டுகளையும் கேட்டேன்.

"அத எடுத்துட்டா அவ எப்புடி டீச்சர் கேப்பா?"

"வாயால கேப்பாம்மா. இது இருக்கற வரைக்கும் அவளுக்குப் பேச வேண்டிய அவசியமே இல்ல. புரியுதா? நீயே அவ வாயக் கட்டி வெச்சிருக்க."

"வரலன்னா?"

"வரும். அழுதா அழட்டும். ரெண்டு நாளு பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. எரக்கப்பட்டுக் குடுத்தியோ, ஜென்மத்துக்கும் ஊமதான்."

அஞ்சலை ஐந்தாவது வரை படித்தவள். "படிச்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து என் பையில் போட்டாள். கோமதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

சித்திரை வெயில், சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அந்தப் பிள்ளைக்குத் தாகம் எடுக்காமல் இருக்குமா? கூடையைத் துழாவினாள். கவிழ்த்தாள். பன்னும் தலைத்துண்டும் சீப்பும் கீழே விழுந்தன. கழிவுக் குவியலுக்கு ஓடி அதே மாதிரி ஒரு குமிழை எடுத்துவந்தாள். நான் அதையும் வாங்கிவைத்தேன். பிறகு என்னிடம் வந்து என் உள்ளங்கையை விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். அதுவரை அவளாக வந்து என்னைத் தொட்டதே இல்லை. என்னை நெருங்குகிறாள், பயிற்சி வேலை செய்கிறது என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். தண்ணீர் டம்ளரை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று சொல்லிக்காட்டினேன். கையை நீட்டினாள், கொடுக்கவில்லை. தரையில் விழுந்து புரண்டாள், கொடுக்கவில்லை. மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும், "பச்சப் புள்ளைக்குத் தண்ணி குடுக்காம என்னாத்துக்கு இந்தப் படிப்பு?" என்று காதில் விழும்படியே சொன்னாள். நான் அவளை முறைத்தேன். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் சிறப்பாசிரியர் வேலைக்குத் தகுதியான ஒரே ஆள் அவள்தான்.

அந்த வாரம் தினமும் போனேன். கடைசியில் அஞ்சலை தாங்க முடியாமல் கொடுத்துவிடுவாள், நான் திட்டுவேன், மறுபடி ஆரம்பிப்போம். மூன்றாம் நாள், புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோமதி டம்ளரைப் பார்த்து, கரகரத்த குரலில், "தண்ணி" என்றாள்.

அஞ்சலை அழுதாள். நானும் அழுதேன். பார்வையிட வந்த அதிகாரிகள் முன்னால் கோமதி அதையே மூன்று முறை சொன்னாள். கைதட்டினார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்; அதற்கும் சிரித்தார்கள். எனக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. வாயெல்லாம் பல்லாக நான் நிற்கிற போட்டோவும் இருக்கிறது. அந்தத் தம்பி சொன்ன வெற்றிக் கதை இதோடு முடிகிறது.

நீங்கள் இதற்குப் பிறகு நடந்ததையும் படிக்க வேண்டும்.

வேறு வார்த்தை எதுவும் வரவில்லை. பசித்தால் "தண்ணி". தூக்கிக்கொள்ள "தண்ணி". வீட்டுக்குப் போக வேண்டும் என்றாலும் "தண்ணி". வெளிக்கி வந்தால் சொல்லத் தெரியாமல் உடையிலேயே போக ஆரம்பித்தாள். முன்பு அப்படி ஒரு நாளும் போனதில்லை. ஏழு விதமாகக் கேட்கத் தெரிந்த பிள்ளை ஒன்றோடு நின்றுவிட்டாள். இவர்கள் இதற்கு மட்டும்தான் மசிகிறார்கள் என்று அவள் கணக்கு. அஞ்சலை என்னிடம் சொன்னபோது, "இது ஒரு கட்டம்மா, போவப் போவ வரும்" என்றேன். மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள் என்றாள். "அடம். கண்டுக்காத" என்றேன். ஜூனில் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தும்விட்டேன். அதுவும் என் பதிவேட்டில் ஒரு சாதனை.

ஐப்பசி மழைக்காலம். ஒரு வியாழக்கிழமை அஞ்சலை எதிர்வீட்டுப் போனிலிருந்து அலுவலகத்துக்குப் பேசினாள். "டீச்சர், நேத்திலேந்து தண்ணி தண்ணின்னே அழுவுறா. சொம்பு சொம்பா குடுத்தாச்சி. தட்டி வுடுறா. தலைய செவுத்துல மோதுறா. எனக்கு பயமா இருக்குதுங்க."

அன்றே போனேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன். மொபெட்டில் நனைந்துகொண்டே கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனால், கோமதி சுவரோரம் உட்கார்ந்து, ஒரே சீராகத் தலையை மோதிக்கொண்டிருந்தாள். இடது பக்கம். எப்போதும் இடது பக்கம். அதைப் பார்த்தேன், குறிப்பேட்டிலும் எழுதினேன், ஆனால் யோசிக்கவில்லை. நெற்றியைத் தொட்டேன், கொஞ்சம் சூடு. அழுது அழுது சூடாகியிருக்கிறது என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, என் பையைப் பிடித்து இழுத்தாள். ஜிப்பில் விரலை வைத்து, என் முகத்தைப் பார்த்து, ஆம், முகத்தைப் பார்த்து, "தண்ணி" என்றாள்.

இந்த இடத்தில்தான் ஒரு சிறப்பாசிரியர் சம்பளம் வாங்குவதற்கான வேலையைச் செய்ய வேண்டும். பிள்ளை அலறுகிறது, தாய் கையைப் பிசைகிறாள், வாசலில் தெருவே நிற்கிறது, எல்லோரும் உங்கள் வாயைப் பார்க்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்ல அப்போது எனக்கு நாக்கு எழவில்லை. தெரிந்தவள் என்றுதானே வந்திருக்கிறேன்? "ஸ்கூலுக்குப் போவப் பிடிக்கல, அதான். பக்கத்துல போயி கொஞ்சுனா இன்னும் அதிகமாவும். தலைக்குத் தலையணைய வெச்சிட்டு, கண்டுக்காம வுட்டுடும்மா" என்று சொன்னேன். அஞ்சலை கேட்டாள். நான் சொன்ன எதையும் அவள் கேட்காமல் இருந்ததில்லை.

மறுநாள் காலையில் தலையணையில் ரத்தமும் சீழும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். மூன்று நாளாவது உயிர் போகிற வலி இருந்திருக்கும், பிள்ளை சொல்லவில்லையா என்று கேட்டார். திட்டிக்கூடக் கேட்கவில்லை, எல்லோரிடமும் கேட்பது மாதிரித்தான் கேட்டார்.

"சொன்னாப்லதான் இருக்குது சார்" என்றாள் அஞ்சலை. "எங்களுக்குத்தான் தெரியல."

வெளியே மருந்து வாங்க வரிசையில் நின்றோம். கோமதி அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். அஞ்சலை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த வாத்து இருந்திருந்தா, எடுத்துக் காதுல வெச்சிருப்பா டீச்சர்."

பிறகு அந்தக் காதில் அடிக்கடி சீழ் வைத்தது. எவ்வளவோ மருந்துக்குப் பிறகும் அது மந்தமாகவே நின்றுவிட்டது. செவிடு என்று சொன்ன பால்வாடி அம்மாவைப் பார்த்துச் சிரித்தேனே, ஒரு காதுக்கு அதை நானே மெய்யாக்கிவிட்டேன். சென்னை அம்மையாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "எங்களுக்கும் அதைத்தாம்மா சொல்லிக்கொடுத்தாங்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அதற்குள் நானே இரண்டு வருடம் புதியவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். கையால் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். அவர்கள் எந்தெந்த ஊரில், எந்தெந்தப் பிள்ளையின் கையிலிருந்து எதைப் பிடுங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஐந்து பேருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள்.

என் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டில் கோமதி இன்றுவரை பேசிய பிள்ளைதான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வீட்டுக்குள் போனதும் பிள்ளையிடம் என்ன இல்லை என்று தேடாதீர்கள். பசித்தால் உனக்கு எப்படித் தெரிகிறது, வலித்தால் எப்படித் தெரிகிறது என்று அம்மாவைக் கேளுங்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ ஒரு பழக்கத்தைச் சொல்வாள். கையைப் பிடித்து இழுப்பது, கதவைத் தட்டுவது, ஒரு ஓட்டைச் செம்பைக் கொண்டுவந்து போடுவது. அதுதான் அந்தப் பிள்ளையின் பேச்சு. அதற்கு மேல் வார்த்தையோ படமோ எதை வேண்டுமானாலும் கட்டுங்கள். அதை மட்டும் பிடுங்காதீர்கள். கேட்பதற்கு ஒரு வழி இருக்கிற பிள்ளை பேச முயற்சி செய்யும், வழி அடைபட்ட பிள்ளை மண்டையை மோதிக்கொள்ளும், நான் பார்த்தது இவ்வளவுதான். அடம் என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, முதலில் காதையும் பல்லையும் வயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதிகாரி வருகிறார் என்றால் வரட்டும், காட்ட எதுவும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள். திட்டு வாங்கி யாருக்கும் செவிப்பறை கிழிந்ததில்லை.

கோமதி இப்போது பெரிய பெண். அஞ்சலை அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். போட்டோக்களை அட்டையில் ஒட்டி, மூன்று வருடம் படாதபாடு பட்டு, நாலு விஷயத்தைக் கேட்கப் பழக்கினோம். சோறு, வெளிக்கி, பஸ், தூக்கம். வலிக்கு வைத்த அட்டையை அவள் இதுவரை தொட்டதில்லை. எவ்வளவு நொந்தாலும் அதைத் தொட மாட்டாள். காய்ச்சல் வந்தால் அஞ்சலை தலை முதல் கால் வரை அழுத்தி அழுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறாள்.

கடைசியாக ஒன்று. அந்த வருடம், முதல் தடவை காதில் சீழ் நின்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தனை நாளும் அவை என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் கிடந்தன. கோமதி காதில் பஞ்சோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து, பையைத் திறந்து, ஒவ்வொன்றாக அவள் முன்னால் வைத்தேன். மூடி, குமிழ், பொம்மைக் கை, தட்டு, வளையம், சக்கரம். கடைசியாக வாத்து. அஞ்சலை வாசப்படியிலேயே நின்றாள்.

கோமதி வாத்தைக் கையில் எடுத்தாள். தலை உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். காதுக்குக் கொண்டுபோவாள் என்று நான் பார்த்திருந்தேன். அவள் அதை என் பைக்குள் வைத்தாள். பிறகு மூடியை எடுத்து வைத்தாள், குமிழை வைத்தாள், ஏழு துண்டுகளையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்து மூடினாள். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு பிழை இல்லாமல் செய்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"தண்ணி" என்றாள்.

அஞ்சலை ஓடிப்போய் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். கோமதி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மறுபடி என்னிடம் கையை நீட்டினாள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.